விடுதிக்குள் வெளியாள்: உயர்தட்டு உறைவிடப் பள்ளிகளும் பால்புதுமைப் பிள்ளைகளும்

ஈட்டன் பள்ளியை 1440-இல் நிறுவிய இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஹென்றி, 70 ஏழைப் பையன்கள் அங்கே இலவசமாகத் தங்கிப் படிக்க வழிசெய்தார். இன்று அதே பள்ளியில் ஒரு பையனைச் சேர்க்க ஆண்டுக்கு 60,000 பவுண்டுக்கு மேல் ஆகிறது. 2025 ஜனவரியிலிருந்து பிரிட்டனின் தனியார் பள்ளிக் கட்டணங்களுக்கு 20 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் வந்துவிட்டது. இவ்வளவு பணம் கொடுத்துப் பெற்றோர் எதை வாங்குகிறார்கள்? நல்ல ஆசிரியர்கள், பெரிய மைதானங்கள், சிறிய வகுப்புகள், சரி. அவற்றில் பலவற்றை இதைவிடக் குறைந்த செலவில் வேறு பள்ளிகளிலும் பெற்றுவிடலாம். வேறெங்கும் அவ்வளவு எளிதில் கிடைக்காத ஒன்று உண்டு. 'இவன் நம்ம ஆள்' என்று ஆயுள் முழுக்கச் சொல்லப்போகிற ஒரு கூட்டம்.

அந்தக் கூட்டத்துக்குள் பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு பிள்ளை வந்து சேர்கிறது. தன் பாலினத்தவர் மீதுதான் தனக்கு ஈர்ப்பு என்று அதற்குப் புரியத் தொடங்கியிருக்கிறது. அல்லது பிறந்தபோது எழுதிக்கொடுத்த பாலினம் தனக்கு ஒட்டவில்லை என்று படுகிறது. அப்படிப்பட்ட பால்புதுமைப் (queer) பிள்ளை ஏன் இந்த இடத்துக்கு வர விரும்ப வேண்டும்? ஆனால் பலர் விரும்பித்தான் வருகிறார்கள். ஊர் சிறியதாக இருக்கும், வீடு கண்டிப்பானதாக இருக்கும், எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்திருக்கும். நூலகமும் நாடக மேடையும் இசை அறையும் உள்ள, தன்னை முன்பின் தெரியாத ஓர் இடம் அந்தப் பிள்ளைக்குச் சொர்க்கமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. பதினாறு வயதுக்குள் வீட்டைவிட்டுக் கௌரவமாகக் கிளம்ப வேறு வழிகளும் அதிகம் இல்லை. இந்தப் பள்ளிகள் அந்த நம்பிக்கையைச் சில சமயம் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் அதற்கு ஒரு விலை வைத்தன. அது எப்படிப்பட்ட விலை என்று தெரிய வேண்டுமானால், இந்தப் பள்ளிகள் ஒருவரை எப்படித் 'தம்மவர்' ஆக்குகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஹவுஸும் பக்கத்துக் கட்டிலும்

ஈட்டனிலோ ஹாரோவிலோ சேரும் பையன் பள்ளியில் சேர்வதைவிட ஒரு ஹவுஸில் சேர்கிறான் என்று சொல்வதே பொருத்தம். ஐம்பது அறுபது பேர், ஒரே கூரை, ஒரு ஹவுஸ்மாஸ்டர். அதன் மேல் வழக்கங்களின் அடுக்கு. வின்செஸ்டர் பள்ளிக்கு 'நோஷன்ஸ்' என்று தனிச் சொற்களஞ்சியமே உண்டு. புதிதாக வந்த பையன்கள் அதைக் கற்று மூத்தவர்களிடம் ஒப்பிக்க வேண்டியிருந்தது. இளையவன் மூத்தவனுக்கு ஷூ துடைத்து, ரொட்டி வாட்டி, எடுபிடி வேலை செய்யும் முறை இருபதாம் நூற்றாண்டிலும் பல பள்ளிகளில் நெடுங்காலம் நீடித்தது. ரக்பி பள்ளியில் 1828 முதல் 1841 வரை தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு, ஒழுக்கத்தைக் காக்கும் பொறுப்பை மூத்த மாணவர்களின் கையில் முறைப்படி ஒப்படைத்தார். பையன்களைப் பையன்களே ஆண்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். எண்டிகாட் பீபாடி 1884-இல் மாசசூசெட்ஸில் க்ரோட்டன் பள்ளியைத் தொடங்கியபோது இந்த ஆங்கிலேய அச்சைத்தான் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்.

சமூகவியலர் எர்விங் காஃப்மன் 1961-இல் சிறை, ராணுவ முகாம், மனநலக் காப்பகம் முதலியவற்றை 'முழுமை நிறுவனங்கள்' என்று ஒரே வகையில் அடக்கினார். உறைவிடப் பள்ளியும் அந்தப் பட்டியலில் இருந்தது. தூக்கம், வேலை, விளையாட்டு மூன்றும் ஒரே இடத்தில், ஒரே அதிகாரத்தின் கீழ், அதே ஆட்களோடு நடப்பதுதான் இந்த வகையின் அடையாளம். பகல்நேரப் பள்ளியில் கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்குச் சாயங்கால மணி ஒரு விடுதலை. விடுதியில் கேலி செய்தவன்தான் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறான். அவனோடுதான் காலையில் பல் விளக்க வேண்டும்.

ஒளித்து வைப்பதும் இங்கே அதிக உழைப்பைக் கேட்கும். வகுப்பறையில் சில மணி நேரம் நடித்துவிட்டு வீட்டுக்குப் போய் அலுப்புத் தீர உட்காரலாம். விடுதியில் திரை விழுவதே இல்லை. யாரைப் பார்க்கிறோம், எவ்வளவு நேரம் பார்க்கிறோம், எந்தக் கிண்டலுக்கு எவ்வளவு சிரிக்கிறோம் என்பதையெல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஓயாத எச்சரிக்கை உடம்பையும் மனத்தையும் தேய்ப்பதைத்தான் 2003-இல் உளவியலர் இலான் மேயர் 'சிறுபான்மை அழுத்தம்' என்ற கோட்பாடாக விரிவாக எழுதினார். பிரிட்டனின் உளச்சிகிச்சையாளர் ஜாய் ஷாவேரியன் 2011-இல் 'உறைவிடப் பள்ளி நோய்க்குறி' என்று ஒன்றை விவரித்தார். சின்ன வயதிலேயே வீட்டைப் பிரிந்த பிள்ளைகள், அழுகையை உள்ளே தள்ளி, வெளியே கச்சிதமான ஒரு ஆளை நிறுத்திக்கொள்ளக் கற்கிறார்கள். பிறகு நெருக்கமான உறவுகளில் அந்தக் கவசத்தைக் கழற்றத் தெரியாமல் தவிக்கிறார்கள் என்பது அவர் பார்வை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பால்புதுமைப் பிள்ளைக்கு இரட்டைக் கவசம் தேவைப்படுகிறது. இதில் ஒரு கொடுமையான வசதியும் இருக்கிறது. உணர்ச்சியைக் காட்டாமல் இருப்பதுதான் இந்தப் பள்ளிகளில் மதிப்புப் பெறும் குணம் என்பதால், அந்தப் பிள்ளை மறைக்க மறைக்க ஆசிரியர்களின் பாராட்டு கூடும்.

செயலுக்கு மன்னிப்பு, ஆளுக்கு இல்லை

பையன்களை மட்டும் அடைத்து வைத்த இடத்தில் பையன்களுக்குள் காதல் வரும் என்பது விக்டோரியா காலத்திலேயே எல்லாருக்கும் தெரியும். கிளிஃப்டன் கல்லூரித் தலைமையாசிரியர் ஜே. எம். வில்சன் 1881-இல் பள்ளிகளின் 'ஒழுக்கம்' பற்றி வெளிப்படையாகவே கட்டுரை எழுதினார். கட்டாய விளையாட்டு, குளிர்ந்த நீர்க் குளியல், உடல் களைத்துப் படுக்கையில் விழும் அளவுக்கு அட்டவணை என்று மருந்துகள் தேடினார்கள். 1895-இல் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு ஆண்களோடான உறவுக்காகச் சிறைக்குப் போனபோது, இந்தக் குற்றத்துக்கு எல்லாரையும் சிறையில் அடைப்பதென்றால் ஈட்டன், ஹாரோ, ரக்பி, வின்செஸ்டரிலிருந்து பென்டன்வில், ஹாலோவே சிறைகளுக்கு ஒரு பெரும் குடிபெயர்வே நடக்கும் என்று எழுதினார் பத்திரிகையாளர் டபிள்யூ. டி. ஸ்டெட். அவர் வைல்டை ஆதரித்தவர் அல்ல. ஊருக்கே தெரிந்த ரகசியத்தைத்தான் எழுதினார்.

பள்ளிகள் இதற்கு ஒரு சமாதானம் வைத்திருந்தன. இது பருவக் கோளாறு, வளர்ந்தால் போய்விடும். இந்தச் சமாதானத்துக்குள் ஏகப்பட்ட இடம் இருந்தது. அழகான இளைய மாணவனுக்கு மூத்தவன் சலுகை காட்டலாம், அதைப் பற்றிக் கிசுகிசு பேசலாம், ஹவுஸ்மாஸ்டர் பார்த்தும் பார்க்காததுபோல் போகலாம். ஆனால் யாருக்கு அது பருவத்தோடு போகவில்லையோ அவனுக்கு மட்டும் அங்கே இடமில்லை. செயல் மன்னிக்கப்பட்டது, 'நான் இப்படிப்பட்டவன்' என்று சொல்லும் ஆள் மன்னிக்கப்படவில்லை. இப்படிப் பார்த்தால், பின்னாளில் தங்களை எதிர்ப்பால் ஈர்ப்பாளர்களாகக் கருதிய பல ஆண்கள் பள்ளிக் காதல்களைச் சிரித்தபடி நினைவுகூர, தன்பாலீர்ப்பாளர்களோ அதே பள்ளியைக் கசப்போடு நினைவுகூர்வது ஏன் என்று புரியும்.

மால்வர்ன் கல்லூரியில் 1913-14-இல் ஓராண்டு படித்த எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பு இங்கே பொருந்துகிறது. மூத்த மாணவர்களின் மேட்டுக்குடியையும், அவர்களுடைய விருப்பத்துக்குரிய இளைய பையன்களையும் அவர் விவரிக்கிறார். அவர் கிறிஸ்தவ ஒழுக்கவாதி. ஆனால் அங்கே நடந்தவற்றில் மிக மோசமானது அந்தக் காதல் விவகாரங்கள் அல்ல என்கிறார். மேலே ஏறுவது, ஏறியவன் இறங்காமல் இருப்பது, ஏறியவனிடம் ஒட்டிக்கொள்வது என்று பையன்களின் முழு வாழ்வையும் தின்ற அந்தஸ்துப் போட்டிதான் அவருக்கு அதைவிடக் கேடாகப் பட்டது. கணக்குப் பார்க்காத உணர்ச்சி கொஞ்சமாவது மிஞ்சியிருந்த ஒரே மூலை அந்தக் காதல்கள்தான் என்கிற அளவுக்குப் போகிறார். இவ்வளவு நேர்மையான சாட்சியத்தை ஒரு ஒழுக்கவாதியிடமிருந்து எதிர்பார்க்க முடியாது.

காதலையும் கொடுமையையும் இந்த ரகசியக் கலாச்சாரம் ஒன்றாகக் குழப்பியதையும் சொல்ல வேண்டும். ஹாரோவின் தலைமையாசிரியர் சார்ல்ஸ் வான், ஆல்ஃப்ரெட் ப்ரெட்டர் என்ற மாணவனுக்குக் காதல் கடிதங்கள் எழுதினார். அதை ப்ரெட்டர் தன் நண்பன் ஜான் அடிங்டன் சைமண்ட்ஸிடம் சொன்னான். சைமண்ட்ஸ் தன் தந்தையிடம் சொல்ல, தந்தையின் நெருக்குதலில் 1859-இல் வான் பதவி விலகினார். வெளியுலகுக்குக் காரணம் சொல்லப்படவில்லை. சைமண்ட்ஸே ஆண்கள் மீது ஈர்ப்புள்ளவர். பின்னாளில் தன்பாலீர்ப்புக்காக வாதாடிய முன்னோடிகளில் ஒருவர். காட்டிக்கொடுத்தவன் என்று ப்ரெட்டர் உட்பட நண்பர்கள் அவரோடு உறவை முறித்தார்கள். அதிகாரம் உள்ள பெரியவர் பிள்ளையை நாடுவது வேறு, இரண்டு பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்புவது வேறு என்று பேசுவதற்கே அங்கே மொழி இல்லை. மூடி மறைக்கும் பழக்கம் யாரைக் காப்பாற்றியது என்பதற்கு, பிரிட்டனின் சிறார் பாலியல் வன்கொடுமை விசாரணை ஆணையம் 2022 மார்ச்சில் உறைவிடப் பள்ளிகள் பற்றி வெளியிட்ட அறிக்கை ஒரு நீண்ட பதில். பள்ளியின் பெயரைக் காப்பாற்றுவது பிள்ளையைக் காப்பாற்றுவதற்கு முன்னால் நின்றது.

ஷெர்போர்னில் ஒரு பையன்

ஆலன் டூரிங்கைக் கணினியியலின் தந்தை என்று தெரிந்தவர்கள்கூட அவருடைய பள்ளி நாட்களை அதிகம் பேசுவதில்லை. 1926 மே மாதம் ஷெர்போர்ன் பள்ளியில் சேர அவர் கிளம்பிய நேரம் பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை. பதின்மூன்று வயதுப் பையன் சௌத்தாம்ப்டனிலிருந்து ஏறக்குறைய 60 மைல் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போனான். சேர வேண்டும் என்ற ஆவலுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்! ஆனால் உள்ளே போன பிறகு கதை வேறு. கையெழுத்து கோணல், சட்டையெல்லாம் மை, விளையாட்டில் நாட்டமில்லை, லத்தீன் வராது. அறிவியல் நிபுணன் ஆவதுதான் நோக்கம் என்றால் இவன் இப்படிப்பட்ட பள்ளியில் நேரத்தை வீணடிக்கிறான் என்ற பொருளில் தலைமையாசிரியர் நோவல் ஸ்மித் எழுதினார். ஒரு வகையில் உண்மையைத்தான் சொன்னார். அந்தப் பள்ளியின் முதல் வேலை அறிவை வளர்ப்பது அல்ல, ஆளை வார்ப்பது.

டூரிங்குக்கு அங்கே இடம் கிடைத்தது பள்ளியால் அல்ல, ஒரே ஒரு நண்பனால். கிறிஸ்டஃபர் மார்காம் வேறு ஹவுஸைச் சேர்ந்தவன், ஒரு வகுப்பு மூத்தவன். வானியல், வேதியியல், கணக்கு என்று பேசினார்கள். டூரிங்குக்கு அது முதல் காதல் என்பதில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்களுக்கு ஐயம் இல்லை. மார்காமின் தரப்பில் அது நட்பு. 1929 டிசம்பரில் இருவரும் கேம்பிரிட்ஜ் ஸ்காலர்ஷிப் தேர்வு எழுதப் போனார்கள். மார்காமுக்குக் கிடைத்தது. 1930 பிப்ரவரி 13 அன்று, மாட்டுப்பாலால் பரவும் காசநோயால் அவன் இறந்தான். டூரிங் மார்காமின் தாயோடு பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். உடல் அழிந்த பின் மனம் என்ன ஆகிறது என்று அந்த நாட்களில் அவர் எழுதிப் பார்த்தவை, பின்னாளில் இயந்திரம் சிந்திக்குமா என்று அவர் கேட்ட கேள்விக்கு விதை என்று சிலர் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகையாக இருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நூற்றுக்கணக்கான பேருள்ள பள்ளியில் அவருக்கிருந்த இடம் முழுவதும் ஒற்றை மனிதனின் மீது நின்றது. அந்த மனிதன் போனதும் துக்கத்தை அதன் உண்மையான பெயரில் யாரிடமும் சொல்ல முடியாமல் போனது. 1952-இல் ஆணோடான உறவுக்காக அவர் தண்டிக்கப்பட்டதும், 1954-இல் இறந்ததும், 2013 டிசம்பரில் அரச மன்னிப்பு வந்ததும் பலருக்குத் தெரிந்த கதை.

சட்டத்தை மாற்றியவரும் இந்தப் பள்ளிகளிலிருந்து வந்தவர்தான். ஆண்களுக்கிடையே தனிமையில், சம்மதத்தோடு நடப்பதைக் குற்றமாகக் கருதக் கூடாது என்று 1957-இல் பரிந்துரைத்த குழுவின் தலைவர் ஜான் வுல்ஃபெண்டன், அதற்கு முன் அப்பிங்ஹாம், ஷ்ரூஸ்பரி பள்ளிகளின் தலைமையாசிரியர். ஈட்டனில் படித்த அவருடைய மகன் ஜெரமி தன்பாலீர்ப்பாளர். ஜெரமி 1965-இல், 31 வயதில் இறந்தார். பரிந்துரை சட்டமானது 1967-இல். அப்போதும் சம்மத வயது 21. அது 1994-இல் 18 ஆகி, 2001-இல்தான் மற்றவர்களுக்கு இணையாக 16 ஆனது. ஆக, 2000-ஆம் ஆண்டு வரையிலும்கூட, மேல்நிலை வகுப்பில் படித்த 17 வயதுப் பையன் ஒருவன் தன் வயதுப் பையனைக் காதலித்தால் சட்டத்தின் கண்ணில் அது குற்றத்துக்குப் பக்கத்தில் போகும் விஷயம்.

பெண்கள் பள்ளிகளில் கதை தலைகீழாக ஓடியது. செல்டனம் லேடீஸ் கல்லூரி 1853-இலும் ரோடீன் 1885-இலும் தொடங்கின. மூத்த மாணவி மீதோ ஆசிரியை மீதோ இளைய மாணவி கொள்ளும் மயக்கம் அந்தக் காலத்தில் குணத்தை வளர்க்கும் நல்ல பழக்கமாகவே பார்க்கப்பட்டது. பூ வைப்பார்கள், கடிதம் எழுதுவார்கள், அறையைச் சுத்தம் செய்து வைப்பார்கள். வரலாற்றாசிரியர் மார்த்தா விசினஸ் 1984-இல் இதை விரிவாக எழுதினார். பாலியல் அறிவியல் என்ற புதிய துறை பரவப் பரவ, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே மயக்கம் நோயின் அறிகுறியாகச் சந்தேகிக்கப்பட்டது. பெண்களுக்கிடையிலான உறவைப் பிரிட்டன் சட்டம் குற்றமாக்கவில்லை. அது தேவைப்படவும் இல்லை. தலைமையாசிரியையின் ஒரு பார்வை போதும்.

ஒரு சின்ன இடைச்செருகல். வழக்கமான பள்ளிகளுக்கு மாற்றாக 1889-இல் செசில் ரெடி தொடங்கிய அபட்ஸ்ஹோம் பள்ளியின் பின்னால், ஆண்களோடான காதலை மறைக்காமல் வாழ்ந்த எழுத்தாளர் எட்வர்டு கார்ப்பென்டரின் தாக்கம் இருந்தது. அங்கே ஆசிரியராக இருந்த ஜே. எச். பாட்லி வெளியே வந்து 1893-இல் பீடேல்ஸ் பள்ளியைத் தொடங்கினார். 1898-இல் அது பெண்களையும் சேர்த்தது. ஆக, பால்புதுமையினர் இந்தப் பள்ளிகளின் வரலாற்றில் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் வரவில்லை.

சட்டம் எட்டாத வளாகம்

1988 மே மாதம் பிரிட்டனில் 28-ஆம் பிரிவு என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது, அரசு நடத்தும் பள்ளிகளில் அதை ஏற்கத்தக்க குடும்ப உறவாகக் கற்பிக்கக் கூடாது என்றது. ஸ்காட்லாந்தில் 2000-இலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 நவம்பரிலும்தான் அது நீங்கியது. ஈட்டன், ஹாரோ போன்ற தனியார் பள்ளிகள் உள்ளாட்சியின் கீழ் வராதவை. அந்தச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தவில்லை. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் தங்கள் மாணவர்களிடம் பேச நினைத்திருந்தால் அவை தாராளமாகப் பேசியிருக்கலாம்.

அதே 1988-இல் அமெரிக்காவில் நடந்தது இன்னும் சுவையானது. மாசசூசெட்ஸில் உள்ள கான்கார்டு அகாடமி என்ற உறைவிடப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர் கெவின் ஜென்னிங்ஸ், பள்ளிப் பிரார்த்தனைக் கூடத்தில் எல்லார் முன்பும் தான் தன்பாலீர்ப்பாளர் என்று சொன்னார். அதன் பிறகு ஒரு மாணவி அவரிடம் வந்தார். அந்த மாணவியின் அம்மா தன்பாலீர்ப்பாளர். தன் குடும்பத்தைப் பற்றிய வசவுகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர். நான் எதிர்ப்பாலீர்ப்பாளர், நீங்கள் தன்பாலீர்ப்பாளர், இரண்டையும் சேர்த்தே பெயர் வைப்போம் என்று பேசி உருவானதுதான் 'கே-ஸ்ட்ரெய்ட் அலையன்ஸ்'. அந்தப் பெயரில் அதுதான் முதல். அடுத்த ஆண்டே ஃபிலிப்ஸ் அகாடமி ஆண்டோவரில் இன்னொன்று. ஜென்னிங்ஸ் 1990-இல் தொடங்கிய ஆசிரியர் வலைப்பின்னலும் முதலில் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்காகத்தான். அதுதான் பிறகு தேசிய அளவில் வளர்ந்த கிளிசன் (GLSEN) அமைப்பு. இதற்கு முன்னோடிகள் அரசுப் பள்ளிகளில் இருந்தார்கள். நியூயார்க்கின் ஜார்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் 1972-இலேயே மாணவர்கள் சங்கம் அமைத்தார்கள். ஆனால் நாடெங்கும் பரவிய வடிவம் பணக்கார உறைவிடப் பள்ளியிலிருந்து கிளம்பியது.

பரவியதற்குத் துணைநின்ற சட்டத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1984-இன் சம அணுகல் சட்டம், அரசுப் பள்ளிகளில் பைபிள் சங்கங்கள் கூடுவதற்காகப் பழமைவாதிகள் கொண்டுவந்தது. ஒரு சங்கத்துக்கு இடம் கொடுத்தால் மற்றதையும் மறுக்கக் கூடாது என்ற அதன் விதியைப் பிடித்துக்கொண்டு பால்புதுமை மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1996-இல் சால்ட் லேக் சிட்டி கல்வி வாரியம் இந்த ஒரு சங்கத்தைத் தடுப்பதற்காகப் பாடத்தோடு தொடர்பில்லாத எல்லாச் சங்கங்களையும் தடைசெய்தது. சதுரங்கச் சங்கத்துக்கும் சேர்த்து வேட்டு! ஆனால் அந்தச் சட்டம் தனியார் பள்ளிகளுக்குப் பொருந்தாது. கான்கார்டின் மாணவிக்குக் கிடைத்தது உரிமை அல்ல. நல்ல பள்ளியின் நல்ல மனசு.

பிரிட்டனில் தடை இந்த வளாகங்களை எட்டவில்லை, அமெரிக்காவில் உரிமை எட்டவில்லை. இரண்டு நாட்டிலும் உயர்தட்டுப் பள்ளி தன் மாணவர்களுக்குத் தானே சட்டம். தலைமையாசிரியர் தாராள மனசுக்காரர் என்றால் அரசுப் பள்ளிப் பிள்ளை பத்தாண்டு போராடிப் பெறுவது ஒரே வாரத்தில் கிடைக்கும். அவர் ஓய்வு பெற்று, அடுத்தவர் வந்து, முன்னாள் மாணவர் சங்கத்தின் பெரும் நன்கொடையாளர்கள் முணுமுணுத்தால் அது சத்தமில்லாமல் போகவும் செய்யும். பிரிட்டனில் 2010-இன் சமத்துவச் சட்டம் தனியார் பள்ளிகளையும் உள்ளடக்கியதால் இந்த நிலை அங்கே ஓரளவு மாறியது. அமெரிக்காவில் அது மாநிலத்தைப் பொறுத்தது.

சலுகையில் வாழ்வது ஸ்காலர்ஷிப் பிள்ளைக்குப் புதிதல்ல. ஈட்டனில் இன்றும் 70 ஸ்காலர்கள் தனியாக ஒரு கட்டடத்தில் தங்குகிறார்கள். மற்றவர்கள் அவர்களைக் கிண்டலாக 'டக்' என்பார்கள். அமெரிக்காவின் ஃபிலிப்ஸ் எக்ஸிடர் பள்ளி 2007-இல், ஆண்டு வருமானம் 75,000 டாலருக்குக் கீழ் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை என்று அறிவித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் விடுமுறைக்கு நண்பர்கள் பனிச்சறுக்குப் போகும்போது போக முடியாத பிள்ளை ஏற்கெனவே ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. அதன் மேல் இன்னொன்றையும் மறைப்பது கடினம். வெளிப்படுத்துவதோ இன்னும் ஆபத்து. பணக்கார வீட்டுப் பையன் தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்தால் அது அவனுடைய தனித்தன்மை ஆகலாம். அவன் அப்பா கட்டிய அரங்கம் வளாகத்தில் நிற்கிறது. உதவித்தொகையில் படிப்பவனுக்கு நன்றியோடு இருக்கும் கடமை சொல்லாமலே சுமத்தப்பட்டிருக்கிறது. வம்பு எதிலும் பெயர் அடிபடக் கூடாது என்று அவன் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது.

இரவு ஒன்பது மணிக்கு மேல்

சங்கமும் வானவில் கொடியும் பகல் விவகாரம். உறைவிடப் பள்ளியின் உண்மையான விதிகள் இரவில்தான் தெரியும். அமெரிக்கப் பள்ளிகளில் ஒருவர் அறைக்கு மற்றவர் போவதற்கு விதிகள் உண்டு. எதிர்ப்பாலினத்தவர் வந்தால் ஆசிரியரிடம் அனுமதி, திறந்த கதவு, எரியும் விளக்கு. இந்த விதியை எழுதியவர்களின் மனத்தில் ஒரு வகை மாணவர்கள் மட்டுமே இருந்தார்கள். இரண்டு பெண்கள் காதலித்தால் விதிக்கு அவர்களைத் தெரியவே தெரியாது. முதலில் அது வசதியாகத் தோன்றும். ஆனால் விஷயம் வெளியே தெரிந்த மறுநாள், சேர்ந்து படித்த ஒவ்வொரு இரவும் சந்தேகத்துக்கு உள்ளாகும். மற்ற ஜோடிகளுக்கு விதியை மீறினால் தண்டனை. இவர்களுக்கு விதியே இல்லாததால், என்ன செய்வது என்று ஆசிரியர் அந்த நேரத்து மனநிலைக்கு ஏற்ப முடிவு செய்வார்.

பாலினம் மாறுபட்ட பிள்ளைக்கு எந்தக் கட்டடத்தில் கட்டில் என்பதே முதல் கேள்வி. எக்ஸிடர் 2017-இல் எல்லாப் பாலினத்தவருக்குமான விடுதிகளைத் திறந்தது. பிரிட்டன் அரசு 2023 டிசம்பரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்காக வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல் வேறு திசையில் போனது. பிறப்புப் பாலின அடிப்படையில்தான் படுக்கையறை. பிள்ளை வேறு பெயரையோ அடையாளத்தையோ கேட்டால், மிக அரிதான சூழல் தவிர, பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. வீட்டிலிருந்து தப்பி வந்த பிள்ளைக்கு அந்தத் தொலைபேசி அழைப்புதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அச்சம். ஹவுஸ்மாஸ்டர் சட்டப்படி பெற்றோரின் இடத்தில் இருப்பவர். அந்தப் பொறுப்பை அவர் பெற்றோருக்குச் சேதி சொல்வதாகப் புரிந்துகொள்கிறாரா, பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாகவா என்பதில்தான் பல வாழ்க்கைகள் திரும்புகின்றன.

நிலைமை மாறியிருக்கிறது. பால்புதுமையினர் உரிமைக்காக இயங்கும் பிரிட்டனின் ஸ்டோன்வால் அமைப்பு 2007-இல் எடுத்த கணக்கில், தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு மாணவர்களில் 65 சதவீதம் பேர் அதற்காகவே பள்ளியில் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். 2012-இல் அது 55 சதவீதம், 2017-இல் 45. எல்லா வகைப் பள்ளிகளையும் சேர்த்த எண்ணிக்கை இது. குறைந்தது, ஆனால் அப்போதும் பாதிக்குப் பக்கத்தில் நின்றது. இன்னொரு எண், பால்புதுமை இளையோரின் தற்கொலையைத் தடுக்க இயங்கும் அமெரிக்காவின் ட்ரெவர் ப்ராஜெக்ட் 2019-இல் வெளியிட்டது. தன்னை ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவராவது இருப்பதாகச் சொன்ன பால்புதுமைப் பிள்ளைகள், அதற்கு முந்தைய ஓராண்டில் தற்கொலைக்கு முயன்றதாகச் சொல்வது 40 சதவீதம் குறைவு. ஒன்றால்தான் மற்றது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பெற்றோர் நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் இடத்தில் அந்த ஒரு பெரியவர் யார் என்ற கேள்வி சும்மா விடக்கூடியது அல்ல. விடுதியில் தங்கும் ஆசிரியர், நர்ஸ், சமையலறையில் வேலை செய்பவர், நாடகம் சொல்லித்தருபவர் என்று யாராகவும் இருக்கலாம். பதவிப் பட்டியலில் அவர் பெயர் எங்கே வருகிறது என்பது முக்கியமே இல்லை.

பள்ளிகளின் விளம்பரப் புத்தகங்களில் இப்போது பன்முகத்தன்மைக்கு ஒரு பக்கம் தவறாமல் உண்டு, நல்ல புகைப்படங்களோடு. சேர நினைக்கும் பிள்ளையும் பெற்றோரும் அதைவிட மாணவர் விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படிப்பது பயன். அறை விதிகள் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கின்றன? அறைத்தோழரை மாற்றக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டுமா? ஒரு பிள்ளை ஆசிரியரிடம் தன்னைப் பற்றிச் சொன்னால் அது யார் யாரிடம் போகும், வீட்டுக்குச் சொல்வதை யார் முடிவு செய்வார்? விடுமுறையில் விடுதி மூடும்போது வீட்டுக்குப் போக முடியாத பிள்ளை எங்கே தங்கும்? இவற்றுக்குப் பதில் எழுத்தில் இருந்தால் அடுத்த தலைமையாசிரியர் வந்தாலும் அது நிற்கும். வாய்மொழியாக, எங்கள் பள்ளி ரொம்பத் திறந்த மனது கொண்டது என்று மட்டும் சொன்னால், அது இப்போதைய தலைமையாசிரியர் இருக்கும் வரைதான்.